ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று: அதுவரை என்ன செய்யலாம்?

தேதி குறித்ததும் வீட்டில் எல்லோரும் சொல்வது, "அசையாமப் படுத்திருங்க." மூட்டு மாற்றோ ஹெர்னியாவோ, அவசரமில்லாத ஆபரேஷனுக்கு முன் கிடைக்கும் 4 முதல் 6 வாரம் படுக்கைக்கானதல்ல. படுத்தே கிடந்தால் தொடைச் சதை சீக்கிரம் கரையும். ஆபரேஷன் முடிந்து கட்டிலைவிட்டு எழ வேண்டியதும் அந்தச் சதையின் பலத்தில்தான். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கீழே சொல்லும் பயிற்சிகளைத் தொடங்கக் கூடாது.

நடையை 10 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி 30-க்குக் கொண்டுவாருங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். ஏற்காட்டுக்காரர்கள் முழங்கால் வலியோடு தோட்டச் சரிவில் நடக்க வேண்டாம், ஏரியோரச் சமதளம் போதும். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் மூட்டில் பாரம் அதிகம்.

சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காருங்கள்: 10 தடவை, காலை மாலை. பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், மர நாற்காலி நல்லது.

மூச்சுப் பயிற்சிக்குத் தரும் மூன்று பந்து ஸ்பைரோமீட்டரைப் பலர் ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, மெதுவாக உறிஞ்ச வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் பந்து எழும்பும், நுரையீரலின் அடிப்பகுதி விரியாது. உறிஞ்சி, 3 விநாடி மூச்சைப் பிடித்து, பிறகு வெளியே விடுங்கள். ஒரு வேளைக்கு 10 தடவை. வயிற்று ஆபரேஷன் என்றால் தலையணையை வயிற்றோடு அணைத்து இருமவும் இப்போதே பழகுங்கள். தையல் போட்டபின் கற்றுக்கொள்வது கஷ்டம். பீடி, சிகரெட்டை 4 வாரம் முன்பே நிறுத்தினால்தான் பலன் தெரியும்.

சாப்பாட்டில்தான் சேலத்துக்காரர்கள் கோட்டைவிடுகிறோம். உடம்பு முடியாதவருக்கு ஜவ்வரிசிக் கஞ்சி! அது மரவள்ளி மாவு. புரதம் ஏறக்குறைய இல்லை. 60 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 72 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். முட்டையில் 6 கிராம், 100 கிராம் கொள்ளில் 20-க்கு மேல். கிட்னி கோளாறு இருந்தால் அளவை டாக்டர் சொல்லட்டும். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை தந்திருந்தால், காபிக்கும் அதற்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். காபி இரும்பைச் சேரவிடாது.

சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்லாச் சீட்டையும் மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள். பொதுவாகத் திட உணவு 6 மணி நேரம் முன்பும், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பும் நிற்க வேண்டும். பால் கலந்த காபி தண்ணீர்க் கணக்கில் வராது.