வேதிச் சமநிலையில் நாம் வழுக்கும் இடங்கள்

ஒரு சிரிஞ்சுக்குள் பழுப்பு நிற நைட்ரஜன் டைஆக்சைடும் நிறமில்லாத டைநைட்ரஜன் டெட்ராக்சைடும் சமநிலையில் இருக்கின்றன. அதாவது ஒரு டெட்ராக்சைடு இரண்டு டைஆக்சைடாகப் பிரிவதும், அவை மீண்டும் சேர்வதும் ஒரே வேகத்தில் நடக்கின்றன. வாயை அடைத்துவிட்டு, கனஅளவு பாதியாகும்படி பிஸ்டனைச் சட்டென்று அழுத்துகிறோம். நிறம் என்ன ஆகும்?

"அழுத்தம் கூடினால் மோல் எண்ணிக்கை குறைவான பக்கம் நகரும், அதனால் நிறம் வெளிறும்" என்பதுதான் அடிக்கடி வரும் பதில். சமநிலையில் ஒரு மாற்றத்தைத் திணித்தால் அதைக் குறைக்கும் பக்கம் வினை நகரும் என்ற லீ சாட்லியர் தத்துவத்தை மனப்பாடமாகச் சொன்னால் இப்படித்தான் வரும். இது பாதிதான் சரி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெப்பநிலை மாறவில்லை. டெட்ராக்சைடு பிரியும் வினையின் சமநிலை மாறிலியை, அதாவது சமநிலையில் டைஆக்சைடு செறிவின் வர்க்கத்தை டெட்ராக்சைடு செறிவால் வகுத்தால் வரும் எண்ணை, 0.006 என்று வைத்துக்கொள்வோம். அறை வெப்பநிலையின் உண்மை மதிப்புக்கு இது பக்கத்தில்தான் இருக்கிறது. தொடக்கத்தில் லிட்டருக்கு டைஆக்சைடு 0.012 மோல், டெட்ராக்சைடு 0.024 மோல். அழுத்திய கணத்தில் இரண்டும் இரட்டிப்பாகி 0.024, 0.048 ஆகின்றன. அந்தக் கணத்தின் செறிவுகளை வைத்து அதே வகுத்தலைச் செய்தால் வருவது வினைக் குணகம். இப்போது அது 0.012, மாறிலியைப் போல இரு மடங்கு. ஆகவே வினை பின்னோக்கி, டெட்ராக்சைடு பக்கம் நகர்கிறது. கடைசியில் டைஆக்சைடு 0.0175-இல் வந்து நிற்கிறது. அதாவது நிறம் முதலில் அடர்ந்து, பிறகு கொஞ்சம் வெளிறுகிறது. ஆனாலும் தொடக்கத்தில் இருந்ததைவிட அடர்த்தியாகவே இருக்கிறது. நாம் திணித்த மாற்றத்தைச் சமநிலை குறைக்கும், முழுதாக அழித்துவிடாது. பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இந்த ஒரு இடத்தில்தான்.

பக்கவாட்டில் பார்ப்பவருக்குத்தான் இந்த விடை. சிரிஞ்சின் நீளவாக்கில் பார்த்தால் கண் காண்பது மொத்த டைஆக்சைடின் அளவை. அது குறைந்துவிட்டதால் நிறம் வெளிறித்தான் தெரியும். எங்கிருந்து பார்க்கிறோம் என்று சொல்லாமல் விட்டதால் இந்தச் சோதனையைப் பற்றி எழுந்த வாதங்கள் நிறைய.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: தத்துவத்தை வைத்து ஊகிப்பதோடு நிறுத்தாமல், வினைக் குணகத்தை மாறிலியோடு ஒப்பிடுங்கள். மந்த வாயு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். கனஅளவு மாறாத கலத்தில் ஆர்கானைச் சேர்த்தால் மொத்த அழுத்தம் கூடுகிறது. உடனே "நகரும்" என்று எழுதிவிடுகிறோம். வினையில் பங்குபெறும் வாயுக்களின் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் ஒவ்வொரு வாயுவின் பங்கு) ஒன்றுகூட மாறவில்லையே, அப்புறம் எப்படி நகரும்? அதே ஆர்கானை மொத்த அழுத்தம் மாறாமல் சேர்த்தால் கலம் விரியும், பகுதி அழுத்தங்கள் குறையும், வாயு மோல்கள் அதிகமுள்ள பக்கம் வினை நகரும்.

அம்மோனியாத் தொகுப்பில் இன்னும் வியப்பான ஒன்று உண்டு. வெப்பநிலையும் மொத்த அழுத்தமும் மாறாதிருக்க, கலவையில் ஏற்கெனவே பாதிக்கு மேல் நைட்ரஜன் இருந்தால், மேலும் நைட்ரஜன் சேர்ப்பது அம்மோனியாவைக் குறைக்கும்! ஹைட்ரஜனின் பகுதி அழுத்தம் சரிவதும், அது மாறிலியில் மும்மடியாக வருவதும்தான் காரணம்.

அடுத்து, மாறிலியையும் வேகத்தையும் குழப்புவது. அதே அம்மோனியா வினைக்கு 25 டிகிரி செல்சியஸில் சமநிலை மாறிலி லட்சக்கணக்கில் இருக்கிறது. ஆனால் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் அந்த வெப்பநிலையில் சும்மா கலந்து வைத்தால் ஒன்றும் நடக்காது. தொழிற்சாலையில் 400 முதல் 500 டிகிரி வரை சூடாக்குவது வேகத்துக்காக. இது வெப்ப உமிழ்வினை என்பதால் அதற்கு விலையாக விளைச்சல் குறைகிறது. இரும்பு வினையூக்கி சமநிலைக்குச் சீக்கிரம் கொண்டுபோகுமே தவிர, சமநிலையின் இடத்தை மாற்றாது.

சுண்ணாம்புக்கல் சிதையும் கலத்தில் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புக்கல்லைப் போட்டாலும் கார்பன் டைஆக்சைடின் அழுத்தம் கூடாது. தூய திண்மம் மாறிலியில் இடம்பெறுவதில்லை.

"பிஎச் 7 என்றால் நடுநிலை" என்பது 25 டிகிரிக்கு மட்டும் பொருந்தும். 50 டிகிரியில் தூய நீரின் பிஎச் ஏறக்குறைய 6.6, ஆனாலும் அது அமிலமல்ல, இரு அயனிகளும் சம அளவில்தான் இருக்கின்றன. அதேபோல லிட்டருக்கு நூறு மில்லியனில் ஒரு பங்கு மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ள கரைசலுக்கு பிஎச் 8 என்று எழுதுகிறவர்கள், தண்ணீரே தரும் ஹைட்ரஜன் அயனிகளை மறந்துவிடுகிறார்கள். சரியான விடை 6.98. அமிலத்தை ஊற்றிக் காரம் கிடைக்கிறது என்றால் கணக்கை அங்கேயே நிறுத்திச் சரிபார்க்க வேண்டும்.

கடைசியாக, செறிவை அப்படியே மாறிலியில் போடும் பழக்கம். நீர்த்த கரைசலில் பரவாயில்லை. அயனிகள் நெருங்கினால் ஒன்றையொன்று இழுத்து, எண்ணிக்கைக்கு ஏற்ற அளவு செயல்படாமல் போகின்றன. இதற்காகவே வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் 1907-இல் ஆக்டிவிட்டி, அதாவது உண்மையில் செயல்படும் செறிவு, என்ற கருத்தை முன்வைத்தார். 1923-இல் டிபையும் ஹக்கலும் அதைக் கணக்கிட வழி தந்தார்கள். ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) தூய நீரைவிடச் சோடியம் குளோரைடு கரைசலில் அதிகமாகக் கரைவதற்குக் காரணமும் இதுவே. இரண்டுக்கும் பொதுவான அயனி எதுவும் இல்லாததால் "உப்பு இதைப் பாதிக்காது" என்று எழுதத் தோன்றும். ஆனால் லிட்டருக்கு 0.1 மோல் சோடியம் குளோரைடு உள்ள கரைசலிலேயே அந்த உப்பின் சராசரி ஆக்டிவிட்டி குணகம் (ஆக்டிவிட்டிக்கும் செறிவுக்கும் உள்ள விகிதம்) 0.78-க்கு இறங்கிவிடுகிறது, கால்சியம், சல்பேட் போன்ற இரட்டை மின்சுமை அயனிகளுக்கு இறக்கம் இன்னும் அதிகம்.