ஸா ம்பிலின்னா ரெண்டு மணி இல்ல: சான்சிபார் தீவு ட்ரிப்புல பண்ணக்கூடாத தப்புங்க

கிழக்கு ஆப்பிரிக்கால டான்சானியாவ சேந்த சான்சிபாருக்கு வாலண்டியரா போற எல்லாரும் மொத வீக்எண்டே கெளம்புற எடம் சாங்கூ தீவுதான். ப்ரிசன் ஐலண்ட்னு சொன்னா இன்னும் நெறைய பேருக்கு தெரியும். அங்க பழைய நகரமான ஸ்டோன் டவுன் கரையில நின்னா கண்ணுக்கு தெரியுற தூரம், அஞ்சரை கிலோமீட்டர் சொச்சம், போட்ல அரைமணி நேரம். இதுல என்ன பெருசா சொதப்பிடப் போறோம்னு தோணும். நான் அங்க ஒரு கிராமத்து ஸ்கூல்ல ரெண்டரை மாசம் கணக்கு சொல்லிக்கொடுத்துட்டு இருந்தப்ப அந்த தீவுக்கு மூணு தடவ கெளம்பினேன், ரெண்டு தடவதான் போய் சேந்தேன்.

போய் சேராத அந்த ஒரு தடவ கதைய மொதல்ல சொல்லிடுறேன். போட்காரர் போன்ல "சனிக்கிழமை ஸா ம்பிலி"ன்னாரு, எனக்கு அப்ப அந்த ஊரு பாஷையான சுவாஹிலில ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் தெரியும், ஸான்னா மணி, ம்பிலின்னா ரெண்டு, சரி ரெண்டு மணின்னு ஜாலியா தூங்கி எந்திரிச்சு, சாப்ட்டு, ஒன்றரைக்கு கரைக்கு போய் நின்னா அவரு போயிட்டு திரும்பியே வந்துட்டு இருக்காரு. விஷயம் என்னன்னா சுவாஹிலி கணக்குல மணி எண்ண ஆரம்பிக்கிறது விடியக்காலைல. நம்ம ஜாதகத்துல சூரிய உதயத்துல இருந்து எண்ணி உதயாதி நாழிகைன்னு போடுவாங்கல்ல, கிட்டத்தட்ட அதே புத்திதான். பூமத்திய ரேகைக்கு ஆறு டிகிரி தெக்கால இருக்கிற ஊரு, வருஷம் பூரா சூரியன் ஆறு ஆறரைக்குள்ள வந்துடும், அதனால அவங்களுக்கு ஏழு மணிதான் மொத மணி. ஸா ம்பிலின்னா காலைல எட்டு, மத்தியானம் ரெண்டுக்கு ஸா நானே, அதாவது எட்டாம் மணி. சாயங்காலம் ஆறுக்கு மேல மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணுவாங்க. இங்கிலீஷ்ல பேசுறப்ப கூட சில பேர் அப்படியே மாத்தி "டூ ஓ க்ளாக்"னு சொல்லிடுவாங்க, அதுதான் டேஞ்சர். யாரு எந்த நேரம் சொன்னாலும் "காலைலயா மத்தியானமா"ன்னு ஒரு தடவ கேளுங்க, காலைக்கு அசுபுஹி, மத்தியானத்துக்கு ம்ச்சானா, இந்த ரெண்டு வார்த்த தெரிஞ்சா போதும்.

அடுத்த தப்பு கடலோட நேரத்த பாக்காம போறது. சாங்கூவோட சேத்து நகுபெண்டான்னு ஒரு மணல் திட்டுக்கும் கூட்டிட்டு போவாங்க. பேருக்கு அர்த்தம் "ஐ லவ் யூ". மரம் கெடையாது, வீடு கெடையாது, நடுக்கடல்ல வெள்ளவெளேர்னு மணல் மட்டும் நீட்டிட்டு படுத்திருக்கும், அங்க துணிப்பந்தல் போட்டு மீன் சுட்டு தருவாங்க. ஆனா கடல் ஏறினா அந்த திட்டு பெரும்பாலும் முழுகிடும். சான்சிபார் பக்கம் ஏத்தம் வத்தம், அதான் கடல் ஏறுறதும் வடியுறதும், சாதாரணமா இருக்காது, அமாவாசை பௌர்ணமியை ஒட்டி வத்தத்துக்கும் ஏத்தத்துக்கும் வித்தியாசம் நாலு மீட்டர் வரைக்கும் கூட போகும், ஒரு மாடி உயரத்துக்கு மேலன்னு வெச்சுக்கங்க. வத்தத்துல இருந்து ஏத்தத்துக்கு ஆறு மணி நேரம் சொச்சம், தெனமும் கிட்டத்தட்ட அம்பது நிமிஷம் தள்ளிப்போகும், அதனால போன வாரம் போன ஃப்ரெண்டு "பத்து மணிக்கு சூப்பரா இருந்துச்சு"ன்னு சொன்னத நம்பி போகாதீங்க, இந்த வாரம் அதே பத்து மணிக்கு அங்க தண்ணிதான் இருக்கும்.

நான் செருப்பையும் பையையும் திட்டோட ஓரத்துல வெச்சுட்டு மீன் சாப்ட்டுட்டு இருந்தேன், பந்தல்காரர் சும்மா தலைய தூக்கி பாத்துட்டு "மாஜி யானஜா"ன்னாரு, தண்ணி ஏறுதுன்னு அர்த்தம், அவரு சொல்லிட்டு பந்தல் கம்ப புடுங்க ஆரம்பிச்சுட்டாரு. நான் மீனை முடிச்சுட்டு திரும்புறேன், ஒரு செருப்பு மெதுவா சாங்கூ பக்கமா போயிட்டு இருக்கு. கடல் ஏறி வடியுற நேரத்த போட்டிருக்குற டைடு டேபிள் இன்டர்நெட்ல ஃப்ரீயா கெடைக்குது, அத பாத்துட்டு வத்தத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி பின்னாடின்னு ப்ளான் பண்ணுங்க. பாக்க சோம்பேறித்தனமா இருந்தா காலண்டர்ல அமாவாசை என்னிக்குன்னாவது பாருங்க, அது நமக்கு பழக்கம்தானே.

காத்தும் இதே மாதிரிதான். டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் வடகிழக்குல இருந்து வர்ற காத்துக்கு கஸ்காசின்னு பேரு, வருஷ நடுவுல தெக்க இருந்து வர்றது கூசி. குஜராத்து வரைக்கும் பாய்மரக்கப்பல் போயிட்டு வந்ததே இந்த ரெண்டு காத்தையும் நம்பித்தான். நம்ம சின்ன போட்டுக்கு அதுல ஒண்ணும் லாபமில்ல, கூசி அடிக்கிற மாசத்துல மத்தியானத்துக்கு மேல திரும்பினா முழுசா நனைஞ்சு வாந்தி எடுத்துதான் வருவீங்க. மார்ச் கடைசில இருந்து மே வரைக்கும் மசிகா, பெருமழை, அப்ப விட்டுடுங்க. லைஃப் ஜாக்கெட் இருக்கான்னு கேட்டா எல்லாரும் இருக்குன்னுதான் சொல்லுவாங்க, போட்ல ஏறுறதுக்கு முன்னாடியே வாங்கி போட்டு பாருங்க. எனக்கு குடுத்ததுல பக்கிள் இல்ல, நைலான் கயிறு கட்டியிருந்துச்சு.

காசு விஷயம். கரையோரத்துல "போட் வேணுமா"ன்னு ஒட்டிக்கிட்டே வர்றவங்கள அந்த ஊர்க்காரங்களே பாப்பாசின்னு சொல்லுவாங்க, உண்ணின்னு அர்த்தம், மாட்டுல ஒட்டுமே அது. எல்லாரும் ஏமாத்துறவங்கன்னு சொல்லல, ஆனா அவங்க கமிஷனும் உங்க ரேட்லதான் ஏறும். போட் வாடகை பெரும்பாலும் போட்டுக்குத்தான், தலைக்கு இல்ல, அதனால வாலண்டியருங்க அஞ்சாறு பேரா சேந்து போனா தலைக்கு அஞ்சாறுல ஒரு பங்குதான் ஆகும். தீவு நுழைவுக்கட்டணம் சேத்தா தனியான்னு கேட்டுக்கங்க, பாதிய கெளம்புறப்ப குடுங்க, பாதிய திரும்பி வந்து குடுங்க. முழுசா குடுத்துட்டு போன ஒரு ஜெர்மன்கார பையன் தீவுல ரெண்டு மணி நேரம் போட்ட தேடினது எனக்கு தெரியும்.

சாங்கூல எறங்கினதும் எல்லாரும் ஓடுறது ஆமைங்க கிட்டதான். 1919-ல சீஷெல்ஸ்ல இருந்து பிரிட்டிஷ் கவர்னர் அனுப்பின நாலு அல்டாப்ரா ராட்சச ஆமைலருந்து பெருகின கூட்டம் அது, நடுவுல திருட்டு போயி திருட்டு போயி 1996-ல ஏழுதான் மிஞ்சுச்சுன்னு சொல்றாங்க, அப்பறம் பாதுகாத்து கொண்டு வந்திருக்காங்க. ஓட்டு மேல பெயின்ட்ல வயசு எழுதியிருக்கும், நூறு தாண்டினதெல்லாம் இருக்கு. அது மேல ஒக்காந்து போட்டோ எடுக்காதீங்க, அது கல்லு இல்லீங்க. கழுத்துக்கு கீழ லேசா தடவினா நாலு காலையும் ஊனி எந்திரிச்சு கழுத்த நீட்டி நிக்கும், தாத்தாவுக்கு முதுகு சொறிஞ்சு விட்டா ஒரு மூஞ்சி வெப்பாரே அந்த மூஞ்சி. பராமரிக்கிறவங்க குடுக்குற கீரைய மட்டும் போடுங்க, பிஸ்கட் வேணாம். அப்பறம் ஜெயிலு. கைடு சில பேர் கைதிங்க கதையா அள்ளி விடுவாங்க, 1893-ல கட்ட ஆரம்பிச்ச அந்த ஜெயில்ல கைதிய வெக்கவே இல்ல, மஞ்சக்காய்ச்சல் பயத்துல கப்பல்ல வர்றவங்கள தனிமைப்படுத்துற எடமா மாத்திட்டாங்க. அதுக்கு முன்னாடி அரபு முதலாளிங்க அடிமைங்கள வெச்சிருந்த தீவு அது, அத நெனச்சுட்டு நடங்க, கம்பிக்கு பின்னாடி நின்னு காமெடி செல்ஃபி எடுக்குறதுக்கு கை வராது.

ஆழமில்லாத எடத்துல வெறுங்கால்ல எறங்காதீங்க, உடம்பு பூரா முள்ளா இருக்குற கடல் முள்ளெலி குத்தினா ஒரு வாரம் ஸ்கூலுக்கு நொண்டிக்கிட்டுதான் போகணும். நட்சத்திர மீன தூக்கி தலைல வெச்சு போட்டோ எடுக்குறது இன்னொரு வியாதி, தண்ணிய விட்டு வெளிய எடுத்தா அதுக்கு மூச்சு கெடையாது. ஈர ஸ்விம் ட்ரெஸ்ஸோட ஸ்டோன் டவுன் சந்துல நடக்காதீங்க, பெரும்பாலும் முஸ்லிம் ஊரு, போட்ல ஒரு லுங்கியோ துப்பட்டாவோ வெச்சுக்கங்க.

வாலண்டியருங்க மட்டும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு, எங்க போறோம்னு தங்கியிருக்குற வீட்டுல சொல்லாம கெளம்புறது. கிராமத்துக்கு போற தலதலா, அதான் அந்த ஊரு மினிபஸ், இருட்டினதும் கொறஞ்சுடும், தாராஜானி மார்க்கெட் பக்கம் ஏழு மணிக்கு மேல நின்னுட்டு இருந்தீங்கன்னா டாக்ஸிக்கு போட் வாடகைய விட அதிகமா குடுக்கணும். ரெண்டாவது தடவ நான் போனப்ப வீட்டு மாமா, அங்க அம்மாவ மாமான்னுதான் கூப்பிடுவாங்க, வாசல்ல நின்னு ஒரு விரல காட்டி "ஸா மோஜா"ன்னாங்க. ராத்திரி ஏழு மணிக்குள்ள வந்துடுன்னு. இந்த தடவ சரியா புரிஞ்சுது, ஆறே முக்காலுக்கு வீட்டுல இருந்தேன், ஒத்த செருப்போட.