இருட்டில் சுடப் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சாஸில் துப்பாக்கி சுடப் பழகும் ஒரு உள்ளரங்க ரேஞ்சில், விளக்கை அணைத்துவிட்டு நடத்தும் வகுப்புகளில் உதவிப் பயிற்சியாளராக இருக்கிறேன். ஆரம்பத்தில் நாங்கள் செய்த பிழைகளையே புதிதாக வருபவர்களும் அச்சு மாறாமல் செய்கிறார்கள். காதுக் கவசம், ட்ரிக்கரில் விரல் வைக்காதது எல்லாம் பகல் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

துப்பாக்கி லைட்டை வைத்துத் தேடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. குழலுக்கு அடியில் மாட்டிய லைட், குழல் பார்க்கும் பக்கம்தான் பார்க்கும். அதை வைத்துத் தேடினால், வெளிச்சம் விழும் இடமெல்லாம் துப்பாக்கி முனையும் திரும்புகிறது. சமீபத்தில் ஒரு மாணவர், கீழே விழுந்த மேகசினை (தோட்டா அடைக்கும் பெட்டி) தேடத் துப்பாக்கியை அப்படியே தாழ்த்தினார். வெளிச்ச வட்டம் தரையில் ஊர்ந்துபோய்ப் பக்கத்தில் நின்றவரின் முழங்காலில் நின்றது. நல்லவேளை, அது தோட்டா போடவே முடியாத நீல நிறப் பயிற்சித் துப்பாக்கி. "லைட்தானே சார் அடிச்சேன்" என்றார். அந்தப் பதில்தான் எனக்குப் பயம்.

அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு பாதுகாப்பு விதிகளில் இரண்டாவது, அழிக்கத் துணியாத எதன் மீதும் முனையைத் திருப்பாதே என்பது. நான்காவது, இலக்கு எது என்று உறுதி செய்துகொள் என்பது. ராத்திரியில் வீட்டு வராந்தாவில் தெரியும் நிழல் தண்ணீர் குடிக்க எழுந்த உங்கள் மகனாக இருக்கலாம். அவனை அடையாளம் காண அவன் மேலேயே துப்பாக்கியை நீட்டுவீர்களா? கையில் தனி டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கூரையை நோக்கி அடித்தாலே, திரும்பி வரும் வெளிச்சத்தில் சின்ன அறையில் இருப்பவர் யாரென்று தெரிந்துவிடும். அப்புறம், லைட் சுவிட்ச் என்று நினைத்து ட்ரிக்கரை அழுத்திய போலீஸ்காரர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். உயிர்கள் போயிருக்கின்றன.

கண் பழகுமுன் தொடங்குவது

கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம்வரை ஆகும். நடுவில் போனைப் பார்த்தால் பெரும்பகுதி வீண்.

ட்ரிடியம் சைட்டை நம்புவது

சைட் என்பது துப்பாக்கி மேல் குறிபார்க்கும் பகுதி; ட்ரிடியம் இருந்தால் அது இருட்டில் தானாக ஒளிரும். அந்த ஒளி சைட்டைத்தான் காட்டும், எதிரில் நிற்பது யாரென்று காட்டாது. சுமார் 12 ஆண்டுகளில் அந்த ஒளியும் பாதியாகிவிடும்.

பக்கத்துச் சுவர்

வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் உங்கள் கண்ணைத்தான் கூசவைக்கும்.

பேட்டரி

வகுப்புக்கு முன் மாற்றுங்கள்.