கழுத்து முடியின் வாட்டம்: சேஃப்டி ரேசருக்கு மாறுகிறவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

பல ஆண்டுகளாக என் கழுத்தில், குரல்வளைக்கு இருபுறமும், சிவந்த சிறு கட்டிகள் இருந்தன. சவரம் செய்த மறுநாள் எரியும், மூன்றாம் நாள் சிலவற்றில் சீழ் வைக்கும், ஆறுவதற்குள் அடுத்த சவரம் வந்துவிடும். சில முறை பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறியும் மூன்று பிளேடு ரேசர்தான் அப்போது என்னிடம் இருந்தது. அதை விட்டுவிட்டு ஒற்றை பிளேடு மாட்டும் சேஃப்டி ரேசர், பிரஷ், சோப்பு என்று மாறினேன். கன்னம் ஒரே வாரத்தில் தெளிந்தது. கழுத்து மட்டும் இரண்டு மாதம் அப்படியே இருந்தது. அது சரியான விதத்தைத்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில், ஏன் மாற வேண்டும்? பல பிளேடு ரேசரில் முன்னால் போகும் பிளேடு முடியைப் பற்றிச் சற்று வெளியே இழுக்கிறது. அது உள்ளே திரும்புவதற்குள் அடுத்த பிளேடு அறுத்துவிடுகிறது. அறுபட்ட முனை தோல்மட்டத்துக்குக் கீழே போய்விடும். 1971-இல் இரட்டை பிளேடு ரேசர் சந்தைக்கு வந்தபோதே இதுதான் அதன் பெருமையாகச் சொல்லப்பட்டது. நேரான, மென்மையான தாடி உள்ளவர்களுக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. அவர்கள் இருப்பதையே வைத்துக்கொள்ளலாம். சுருண்ட, தடித்த முடி உள்ளவர்களுக்கு அந்தக் கூரான முனை வெளியே வர வழி தேடும்போது தோலுக்குள்ளேயே குத்திக்கொள்கிறது. கட்டி வருவது அதனால்தான். ஒற்றை பிளேடு பெரும்பாலும் தோல்மட்டத்தோடு நின்றுவிடும்.

என்ன வாங்குவது

மூன்று பாகமாகக் கழலும் சேஃப்டி ரேசர் போதும். பிளேடுக்குக் கீழே உள்ள பாதுகாப்புப் பட்டை சீப்புப் பல் போல இல்லாமல் நேராக இருக்கட்டும். கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும். 1904-இல் கிங் கேம்ப் ஜில்லெட் காப்புரிமை பெற்ற அமைப்பிலிருந்து இது அதிகம் விலகவில்லை: மெல்லிய பிளேடை இரு தகடுகளுக்கு நடுவே வளைத்து இறுக்குகிறோம், அவ்வளவுதான். பிளேடுக்கும் பட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் திருகு வைத்தவை ஆரம்பத்தில் வேண்டாம், கை பழகும் முன்னால் திருகைப் பழிக்கத் தோன்றும். மடக்குக் கத்தி அழகான கருவி. ஆனால் அதைத் தீட்டவும் தோல்வாரில் இழைக்கவும் தனியே கற்க வேண்டும்.

பிளேடு முகத்துக்கு முகம் மாறும். நாலைந்து வகை வாங்கி, ஒவ்வொன்றையும் இரண்டு வாரமாவது பாருங்கள். மிகக் கூரானதுதான் சிறந்தது என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. பிரஷ்ஷில் செயற்கை இழைதான் என் தேர்வு. அதை ஊறவைக்க வேண்டாம், சீக்கிரம் உலர்ந்துவிடும். அழுத்தினால் பீறிடும் டப்பா நுரையை மட்டும் வாங்காதீர்கள். அதில் காற்றுதான் அதிகம், முடிக்கு வேண்டிய தண்ணீர் குறைவு.

ஊறவைத்தலும் நுரையும்

வெந்நீரில் குளித்த கையோடு தொடங்குங்கள், அல்லது இரண்டு மூன்று நிமிடம் ஈரத் துணியை முகத்தில் வைத்திருங்கள். முடி தண்ணீரை உறிஞ்சி இளகிவிட்டால் அதை அறுக்கத் தேவையான விசை வெகுவாகக் குறையும்.

ஈர பிரஷ்ஷை உதறிவிட்டு, சோப்பின் மேல் அரை நிமிடமாவது சுழற்றுங்கள். பிறகு கிண்ணத்திலோ முகத்திலோ வைத்துத் துளித்துளியாகத் தண்ணீர் சேர்த்துக் குழையுங்கள். குமிழி கண்ணுக்குத் தெரிந்தால் இன்னும் ஆகவில்லை. விரலிடுக்கில் வழுக்க வேண்டும், மேல்பரப்பு மினுமினுக்க வேண்டும். உப்பலாக இருப்பதால் பயன் இல்லை.

பிளேடை மாட்டும்போது கூர் இல்லாத குறுகிய ஓரங்களைப் பிடியுங்கள். இறுக்கிய பிறகு இருபுறமும் பிளேடு ஒரே அளவு தெரிகிறதா என்று பாருங்கள்.

கோணமும் கனமும்

தூக்கி எறியும் ரேசரின் தலை தானே கோணத்தை அமைத்துத் தருகிறது, பலவற்றில் முகத்துக்கேற்ப அசைந்தும் கொடுக்கிறது. அதில் நாம் பழகிய ஒரே வேலை அழுத்துவது. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் இரத்தம் வரும்.

ரேசரின் மேல்மூடியைக் கன்னத்தில் தட்டையாக வையுங்கள். பிடி முகத்திலிருந்து நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குட்டையாக இழுத்துக்கொண்டே பிடியை மெல்லத் தாழ்த்தினால் ஓர் இடத்தில் பிளேடு முடியைத் தொடும், சரசரவென்று ஒலி கேட்கும். அதுதான் கோணம், ஏறத்தாழ 30 பாகை. காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், ஒலி நின்றால் கோணம் நழுவிவிட்டது என்று பொருள். பிடியை அடிப்பக்கமாக விரல்நுனிகளால் பிடித்தால் அழுத்த நினைத்தாலும் முடியாது. ரேசரின் கனமே அறுத்துவிடும்.

வாட்டம்: என்னைத் தடுக்கிய இடம்

முடியின் வாட்டத்தோடு, அதாவது அது சாய்ந்து வளரும் திசையிலேயே, சவரம் செய்ய வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்வதாக நம்பினேன். முகத்தில் முடி மேலிருந்து கீழாகச் சாய்கிறது, ஆகவே நெற்றிப்பொட்டிலிருந்து கழுத்தடி வரை ஒரே இழுப்பாகக் கீழே இறங்குவேன். இரண்டு மாதமும் அதைத்தான் செய்தேன். பிளேடை மாற்றினேன், சோப்பை மாற்றினேன், கோணத்தையே சந்தேகப்பட்டேன்.

ஒருமுறை காய்ச்சலில் நான்கு நாள் சவரம் செய்யவில்லை. கழுத்தைத் தடவிக்கொண்டே படுத்திருந்தபோது கீழிருந்து மேலே போகும் விரல் வழுக்குவதையும் மேலிருந்து கீழே வரும் விரல் உரசுவதையும் கவனித்தேன். என் கழுத்தில், தாடையெலும்புக்குக் கீழே, முடி மேல்நோக்கிச் சாய்ந்து வளர்கிறது. வாட்டத்தோடு போவதாக நினைத்துத் தினமும் முதல் இழுப்பையே எதிர்வாட்டமாக இழுத்திருக்கிறேன். அதுவும் நீண்டு விறைத்த முடியில், முகத்திலேயே மெல்லிய தோலின் மேல். எழுந்து கண்ணாடி முன் போய் நின்றேன். இடப்பக்கம் முடி காதை நோக்கிப் படுத்திருந்தது, வலப்பக்கம் குரல்வளைக்கு அருகே ஒரு சுழியே இருந்தது.

இதை நீங்கள் சவரத்துக்கு முன்னாலேயே செய்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் முடியை வளரவிடுங்கள். ஒரு பஞ்சுத் துண்டை நான்கு திசையிலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். எதிர்வாட்டத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும், வாட்டத்தில் வழுக்கிப் போகும். காகிதத்தில் முகத்தை வரைந்து அம்புக்குறி போடுங்கள். கண்ணாடியில் தெரிகிறபடியே வரையுங்கள், இடம் வலம் திருப்ப வேண்டாம். சவரம் செய்யும்போது பார்க்கப்போவது அந்தக் கண்ணாடியைத்தான். தாடைக்குக் கீழே மட்டுமாவது இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் அம்பு போட்டுவிடுங்கள், அங்கேதான் திசை திடீரென்று மாறும்.

பிறகு வரிசை எளிது. முதல் சுற்று முழுவதும் வாட்டத்தோடு. மீண்டும் நுரை. இரண்டாம் சுற்று குறுக்காக. எதிர்வாட்டச் சுற்றை முதல் மாதம் மறந்துவிடுங்கள். கட்டி வருகிற கழுத்து என்றால் எப்போதுமே வேண்டாம். அங்கே நான் இன்றுவரை குறுக்குச் சுற்றோடு நிறுத்துகிறேன். மாலையில் தொட்டால் லேசாகச் சொரசொரக்கும். ஆனால் கட்டி இல்லை.

முடித்த பிறகு

குளிர்ந்த நீரால் கழுவி, ஈரமுகத்தில் படிகாரக் கட்டியை ஓடவிடுங்கள். சிறு கீறல்களை அது அடைப்பது எல்லோருக்கும் தெரியும். நான் அதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. எங்கே சுரீரென்கிறதோ அங்கே இன்று அழுத்தியிருக்கிறேன் என்று அது சொல்லிவிடுகிறது. அடுத்த சவரத்தில் கை அந்த இடத்துக்கு வரும்போது தானே இளகும். ஒரு நிமிடம் கழித்துக் கழுவிவிடுங்கள், நறுமணமில்லாத ஈரப்பத களிம்பு ஏதேனும் தடவுங்கள்.

என் தாடிக்கு ஒரு பிளேடு நான்கு சவரம் தாங்கும். இழுக்கத் தொடங்கினால் எண்ணிக்கை பார்க்காமல் மாற்றிவிடுகிறேன். முடியைவிட உருக்கு ஐம்பது மடங்கு கடினமானது. ஆனாலும் வளைகிற முடி கூர்முனையை நுணுக்கமாகச் சில்லு சில்லாகப் பெயர்க்கிறது என்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் 2020-இல் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்துக் காட்டினார்கள். பெயர்ந்த முனையைத் துணியில் துடைத்துச் சரிசெய்ய முடியாது. பழைய பிளேடுகளை மூடிய தகர டப்பாவில் போட்டு வையுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுப் பலர் நுரை நிற்கவில்லை என்று எழுதினார்கள். தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். கடினநீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிவிடும், நுரை பிறக்கும் முன்பே சாகும். காய்ச்சி வடித்த நீரில் ஒருநாள் முயன்று பாருங்கள். நன்றாக வந்தால் குற்றம் சோப்பின் மேல் இல்லை. நுரைக்குத் தேவைப்படுவது ஒரு குவளைக்கும் குறைவுதான், எனவே அதற்கு மட்டும் நல்ல நீர் போதும். கொதிக்கவைத்து ஆறவிட்டு மேலே தெளிந்ததை எடுத்தாலும் ஓரளவு சரியாகும்.

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் ஒருவர் கேட்டிருந்தார். உங்களுக்கு இந்த முறையை நான் சொல்ல மாட்டேன். மின்சார ரேசரே பாதுகாப்பு, மருத்துவரிடமும் கேட்டுவிடுங்கள்.

விமானப் பயணத்தில் என்ன செய்வது என்று இன்னொருவர். தனி பிளேடைக் கைப்பையில் எடுத்துப்போக விடமாட்டார்கள். அந்த நாட்களில் நானும் தூக்கி எறியும் ரேசரைத்தான் பயன்படுத்துகிறேன், ஒற்றை பிளேடு உள்ளதாகப் பார்த்து, அதே வாட்டத்தில், அழுத்தாமல். கட்டிகள் திரும்பி வரவில்லை.

சுழி உள்ளவர்கள் எந்தத் திசையில் போவது என்ற கேள்விதான் அதிகம் வந்தது. சுழியின் நடுவிலிருந்து வெளிப்புறமாக, ஒவ்வோர் இழுப்பும் விரல்நகம் நீளத்துக்கு மேல் போகாமல், முடி படுத்திருக்கும் பக்கமாகவே பிரித்துப் பிரித்து இழுங்கள். இன்னொரு கையால் தோலை மெல்லத் தட்டையாக்கிப் பிடியுங்கள், விறைக்க இழுக்காதீர்கள். அதிகமாக இழுத்தால் தோல் திரும்பும்போது அறுபட்ட முனை உள்ளே போய்விடும், பழைய தொல்லை மீண்டும் தொடங்கும்.