ரோமில் பூ வாங்கிக் கொடுப்பது எப்படி: முதல் முறை போகிறவர்களுக்கு

ரோமுக்குச் சுற்றுலா போன இடத்தில் யாரோ வீட்டுக்குச் சாப்பிட அழைத்துவிட்டார்கள். வெறுங்கையோடு போக மனமில்லை, பூ வாங்கலாம் என்று தோன்றுகிறது. நல்ல யோசனைதான். ஆனால் நம் ஊர்ப் பூக்கடைப் பழக்கத்தை அப்படியே அங்கே கொண்டுபோனால் தவறு நடக்கும். அங்கே முழக்கணக்கு கிடையாது, சரம் கிடையாது. நாம் மங்கலம் என்று சாமிக்குச் சாத்தும் செவ்வந்தியை அவர்கள் கல்லறைக்குக் கொண்டுபோவார்கள். பூவின் வகை, எண்ணிக்கை, கொடுக்கும் நாள் மூன்றுக்கும் அங்கே பொருள் உண்டு. கடைக்குப் போகுமுன் இவற்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

படி 1: யாருக்கு, எதற்கு என்று முடிவு செய்யுங்கள்

கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வியே இதுதான். விருந்துக்கு அழைத்த வீட்டுப் பெண்மணிக்கு என்றால், பல நிறம் கலந்த நடுத்தரக் கொத்து போதும். சிவப்பு ரோஜாவைக் காதலன், காதலி, கணவன், மனைவிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அழைத்தவரின் மனைவி கையில் சிவப்பு ரோஜாவைக் கொடுத்தால் எல்லோருக்கும் சங்கடம். மஞ்சள் ரோஜா பொறாமையின் அடையாளம் என்ற பழைய நம்பிக்கை இன்னும் இருக்கிறது. இளஞ்சிவப்பும் பீச் நிறமும் எங்கும் செல்லும்.

பட்டம் பெற்றவருக்கு என்றால் கதை மாறும். இத்தாலியில் பட்டமளிப்பின் நிறமே சிவப்பு. தலையில் லாரல் இலைக் கிரீடம், அதில் சிவப்பு ரிப்பன், கையில் சிவப்புப் பூ என்று இளைஞர்கள் தெருவில் நிற்பதைப் பார்க்கலாம். அன்று சிவப்பு தாராளமாகக் கொடுக்கலாம். ஞானஸ்நானத்துக்கும் முதல் நற்கருணைக்கும் வெள்ளை.

மருத்துவமனைக்கு என்றால் பூ அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். அனுமதி இருந்தாலும் தொட்டிச்செடி வேண்டாம். ஈர மண்ணில் கிருமி வளரும்.

மேடைக் கலைஞருக்குக் கொடுப்பதாக இருந்தால் ஊதா நிறத்தைத் தவிருங்கள், சுற்றும் தாளில்கூட. ஊதா, ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலத்தின் நிறம். அந்த 40 நாளும் நாடகங்கள் நிறுத்தப்பட்டு நடிகர்கள் வருமானமின்றி இருந்த காலத்திலிருந்து வந்த பயம் அது.

படி 2: செவ்வந்தியை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளுங்கள்

தமிழர்கள் அதிகம் தவறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். நவம்பர் 1 புனிதர் அனைவர் திருநாள், நவம்பர் 2 இறந்தோர் நினைவு நாள். அந்த வாரத்தில் இத்தாலி முழுவதும் கல்லறைகள் செவ்வந்தியால் நிறையும். அந்தப் பருவத்தில் நன்றாகப் பூப்பது அது. பூத்தபின் பல நாள் தாங்குவதும் அதுதான். அப்படிப் பழகிப் பழகி, செவ்வந்தி என்றாலே இறந்தவருக்கு என்று ஆகிவிட்டது. இத்தாலியப் பெயர் கிரிசான்தெமோ.

பெரிய பந்துச் செவ்வந்தி எளிதில் கண்ணுக்குத் தெரியும். சிக்கல் சின்னதில்தான். சூப்பர் மார்க்கெட்டில் தயாராகக் கட்டி வைத்திருக்கும் கலவைக் கொத்துகளில் சட்டைப் பொத்தான் அளவில், சில சமயம் பச்சை நிறத்தில்கூட, செவ்வந்தி ஒளிந்திருக்கும். டெய்சி என்று நினைத்து எடுத்துவிடுவோம். இலையைப் பாருங்கள்: ஓரம் ஆழமாக வெட்டுப்பட்டு, கசக்கினால் நம் ஊர்ச் சாமந்தித் தழை வாசம் அடித்தால் அது செவ்வந்தியேதான். கொத்தைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

வெரானோ கல்லறைத் தோட்டத்தின் வாசலில் பூக்கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே கட்டித் தருவது பெரும்பாலும் கல்லறைக்கான வடிவத்தில் இருக்கும். விருந்துக்கு வேறு கடை பாருங்கள்.

படி 3: எண்ணிக்கை

ஒற்றைப்படை. மொய் எழுதும்போது 100 என்று எழுதாமல் 101 என்று எழுதுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 5, 7, 9, 11 என்று வாங்குங்கள். காதலிக்கு 12 சிவப்பு ரோஜா, பதினெட்டாவது பிறந்த நாளுக்கு 18 ரோஜா என்ற வழக்கங்கள் மட்டும் விலக்கு.

ஆனால் 17 வேண்டாம். ஒற்றைப்படைதான், இருந்தாலும் இத்தாலியர்களுக்கு ஆகாத எண் 13 அல்ல, 17. ரோமன் எண்ணில் 17ஐ எழுதி எழுத்துகளை இடம் மாற்றினால் 'விக்ஸி' என்ற லத்தீன் சொல் வரும். 'வாழ்ந்து முடித்தேன்' என்று பொருள்.

எண்ணும்போது முக்கியப் பூக்களின் தண்டுகளை மட்டும் எண்ணுங்கள். யூகலிப்டஸ் தழை, பச்சை இலை, இடைநிரப்பும் பொடிப்பூ கணக்கில் வராது. ஒரே தண்டில் நாலு பூ இருந்தாலும் அது ஒன்றுதான்.

படி 4: பருவம் பார்த்துக் கேளுங்கள்

பருவப் பூ விலையும் குறைவு, ஆயுளும் அதிகம். குளிர்கால இறுதியிலும் வசந்தத் தொடக்கத்திலும் ரனன்குலஸ், அனிமோன் வரும். லிகூரியா கடற்கரையில் சான்ரெமோ பக்கம் விளைவது இவை. மெல்லிய காகிதத்தைப் பல அடுக்காகச் சுருட்டியது போன்ற ரனன்குலஸ் நம் ஊரில் அதிகம் கிடைக்காது. வாய்ப்பு இருந்தால் அதையே வாங்குங்கள் என்போம். மார்ச், ஏப்ரலில் துலிப். மே மாதம் பியோனி. கோடையில் சூரியகாந்தி. இலையுதிர் காலத்தில் தொட்டியில் சைக்ளமென், டிசம்பரில் சிவப்பு இலை விரித்த பாயின்செட்டியா. அதை அங்கே 'கிறிஸ்துமஸ் நட்சத்திரம்' என்பார்கள்.

மார்ச் 8 தனி நாள். அன்று இத்தாலிப் பெண்கள் எல்லோர் கையிலும் மஞ்சள் மிமோசாக் கிளை இருக்கும். 1946இல் மகளிர் தினத்துக்கு ஒரு பூவைத் தேடியபோது, தெரேசா மத்தேய் உள்ளிட்ட பெண் தலைவர்கள் இதைத் தேர்ந்தார்கள். மார்ச் தொடக்கத்தில் பூக்கும், போர் முடிந்த வறுமைக் காலத்தில் செலவில்லாமல் கிடைக்கும் என்பது காரணம். மிமோசா என்றதும் தொட்டாற்சிணுங்கியை நினைக்காதீர்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சீகை என்று சொல்லும் வாட்டில் மரங்களின் இனம் இது. அன்று தோழி, உடன் வேலை செய்பவர், வீட்டுக்காரம்மா என்று யாருக்கும் கொடுக்கலாம், காதல் பொருள் வராது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: காய்ந்த காற்றில் அந்த மஞ்சள் பஞ்சுருண்டைகள் ஒரே நாளில் சுருங்கிக் கடுகு போல ஆகிவிடும். கொடுக்கிற அன்றே வாங்கி, கொடுக்கும்வரை சுற்றிய தாளைப் பிரிக்காமல் வையுங்கள்.

படி 5: எங்கே, எப்போது

ரோமின் மையத்தில் உள்ள சதுக்கம் காம்போ தே ஃபியோரி, பெயருக்குப் பொருள் 'பூக்களின் வயல்'. 1869 முதல் அங்கே சந்தை நடக்கிறது. 1600இல் தத்துவஞானி ஜோர்தானோ புரூனோவை எரித்த இடமும் அதுதான், நடுவில் அவர் சிலை நிற்கிறது. திங்கள் முதல் சனி வரை, காலையில் போங்கள். பார்க்க அழகான இடம், ஆனால் சுற்றுலாப் பயணிகள் மொய்ப்பதால் விலை சற்றுக் கூடுதல். தெஸ்தாச்சோ போன்ற குடியிருப்புப் பகுதிச் சந்தைகளிலும், தெருமுனைப் பூப்பெட்டிக் கடைகளிலும் நிதானமாகப் பேசி வாங்கலாம். பெட்டிக் கடைகள் சில இரவு வெகுநேரம் வரை திறந்திருக்கும். மற்ற கடைகள் பல மதியம் 1 மணிக்கு மேல் மூடி, 4 மணி வாக்கில்தான் திறக்கும். ஞாயிறு விருந்து என்றால் அன்று காலையே வாங்கிவிடுங்கள், மாலைக்குத் தள்ளாதீர்கள்.

ஸ்பானியப் படிகள் பக்கமும் உணவகங்களிலும் ஒற்றை ரோஜாவை நீட்டுவார்கள். கையில் வாங்கிவிட்டால் இனாம் இல்லை, காசு கேட்பார்கள். வேண்டாம் என்றால் கையை நீட்டாமல் 'நோ, கிராட்ஸியே' என்று சொல்லி நடங்கள்.

படி 6: புதிய பூவா என்று பாருங்கள்

ரோஜா மொட்டின் அடிப்பகுதியை, பச்சைக் காம்பிலை சேரும் இடத்தில், இரண்டு விரலால் மெதுவாக அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் புதியது. தளர்ந்து அமுங்கினால் பழையது, வெளி இதழ்களை உரித்துப் புதிது போலக் காட்டியிருக்கலாம். பியோனிக்கு நேர்மாறு: கல் போல இருக்கும் மொட்டு விரியாமலே போகலாம், இட்லி போல லேசாக அமுங்குவதுதான் சரியான பதம். லில்லியில் ஒரு பூ விரிந்து மற்ற மொட்டுகளில் நிறம் தெரிய வேண்டும். ஜெர்பராவின் தண்டு கழுத்துப் பகுதியில் வளைந்திருந்தால் விடுங்கள், நிமிராது. எந்தப் பூவானாலும் வாளியிலிருந்து தூக்கி வெட்டுமுனையைப் பாருங்கள். பழுத்து வழவழவென்று இருந்தால் தண்ணீர் மாற்றிப் பல நாளாகிவிட்டது.

லில்லி வாங்குமுன் அந்த வீட்டில் பூனை உண்டா என்று கேட்டுவிடுங்கள். லில்லியின் இதழ், இலை, மகரந்தம் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. ஜாடித் தண்ணீரும் அப்படித்தான்.

படி 7: கடையில் பேச வேண்டியது

பூக்காரர் ஃபியொராயோ. கட்டு, மாட்ஸோ. தண்டுக்கு அவர்கள் சொல் காம்போ, நம் காம்பேதான் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'கணபதி'யின் முதல் எழுத்தைப் போல ஒலித்தால் தண்டு, 'கல்'லின் முதல் எழுத்தைப் போல ஒலித்தால் வயல்.

பூவைத் தேர்ந்தெடுத்துப் பின் விலை கேட்பதைவிட, தொகையைச் சொல்லித் தொடங்குவது நல்லது: 'உன் மாட்ஸோ த வென்தி எவ்ரோ', அதாவது 20 யூரோவுக்கு ஒரு கட்டு. விருந்துக்கு 20 முதல் 30 யூரோ கௌரவமான தொகை. காதலர் தினத்திலும் மகளிர் தினத்திலும் விலை ஏறும். அடுத்து 'எ உன் ரெகாலோ', இது பரிசு என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியத்தால்தான் பழைய தாளில் சுருட்டித் தருவதற்குப் பதில் நல்ல தாளும் ரிப்பனும் வரும். வாழ்த்து அட்டைக்கு 'உன் பில்யெத்தோ' என்று கேளுங்கள். கார்டில் பணம் கட்டலாம். மறுக்கும் கடைக்கு 2022 ஜூன் 30 முதல் அபராதம் உண்டு. ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 8: வாடாமல் கொண்டுசேர்ப்பது

கோலிசேயமும் பாந்தியனும் பார்த்து முடித்த பிறகு வாங்குங்கள். வெயிலில் 3 மணி நேரம் சுற்றிய பூ எதற்கும் ஆகாது. வழியில் நேரமானால் ரோமின் நாசோனே உதவும். தெருவோரம் மூக்கு வளைந்த இரும்புக் குழாயோடு, ஓயாமல் தண்ணீர் ஓடும் தூண்கள் அவை. 1874 முதல் இருக்கின்றன, இன்று நகரத்தில் ஏறக்குறைய 2,500 உண்டு. குடிக்கும் தண்ணீர், குளிர்ந்தது. குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள துளையில் தண்ணீர் பீச்சும். அதில் இரண்டு டிஷ்யூ தாளை நனைத்து வெட்டுமுனைகளைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பை போட்டு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். பூவின் தலையில் தண்ணீர் படவேண்டாம், இதழில் கறை விழும்.

ஓட்டலில் ஒரு இரவு வைப்பதானால், ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி ஜாடியாக்குங்கள். தண்டின் முனையை 2 செ.மீ. சாய்வாக வெட்டி உடனே தண்ணீரில் வையுங்கள். வெட்டிய முனை காற்றில் கிடந்தால் தண்டின் நுண்குழாய்களில் காற்று புகுந்து தண்ணீர் ஏறாது. தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள், அவைதான் முதலில் அழுகும். ரோஜாவுக்கு 8 முதல் 10 செ.மீ. தண்ணீர், ஜெர்பராவுக்கும் துலிப்புக்கும் 4 செ.மீ. போதும். பக்கத்தில் வாழைப்பழமோ ஆப்பிளோ வைக்காதீர்கள். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு பூவை முதுமையாக்கும்.

ஊரிலிருந்தே மதுரை மல்லிச் சரம் கொண்டுபோகலாம் என்று நினைப்பவர்களுக்கு: 2019 டிசம்பர் 14 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் கொண்டுவரும் வெட்டுப்பூவுக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே பறிமுதல். அன்னாசி, வாழை, தேங்காய், டூரியன், பேரீச்சை ஆகிய ஐந்து பழங்களுக்கு மட்டும் விலக்கு.

படி 9: கொடுப்பது

விலை ஒட்டியை எடுத்துவிடுங்கள். சுற்றிய தாளை நீங்கள் பிரிக்க வேண்டாம், அப்படியே கொடுப்பதுதான் அங்கே முறை. பூவின் தலை மேலே இருக்கட்டும். வீட்டுப் பெண்மணியிடம் 'சோனோ பெர் லேய்' என்று சொல்லிக் கொடுங்கள், 'இவை உங்களுக்கு' என்பதன் மரியாதை வடிவம். வயதொத்த நண்பர் என்றால் 'சோனோ பெர் தே'.

முறையான பெரிய விருந்து என்றால் கையில் கொண்டுபோவதைவிட, அன்று காலையே கடை மூலம் அனுப்பிவிடுவது சிறந்தது. நீங்கள் நுழையும் நேரத்தில் அடுப்பில் பாஸ்தா வெந்துகொண்டிருக்கும், வாசலில் நாலு பேர் நிற்பார்கள். அந்த நெருக்கடியில் அவர் ஜாடி தேடி, தண்டு வெட்டி, தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். காலையில் அனுப்பத் தவறினால் மறுநாள் நன்றிக் குறிப்போடு அனுப்பலாம். அட்டையில் 'கிராட்ஸியே பெர் லின்வீதோ', அழைப்புக்கு நன்றி, என்று கடைக்காரரையே எழுதித்தரச் சொல்லுங்கள். முகவரியோடு வாசல் அழைப்பு மணியில் இருக்கும் குடும்பப் பெயரையும் கொடுங்கள். ரோமின் அடுக்குமாடிகளில் வீட்டு எண்ணைவிட அந்தப் பெயர்ப் பலகையை வைத்துத்தான் வீட்டைக் கண்டுபிடிப்பார்கள்.