ஷேவிங் சோப்பைத் திட்டும் முன் தண்ணீரைப் பாருங்கள்

பிளேடு மாட்டும் பழைய ரேஸர், பிரஷ், சோப்பு என்று சவரத்துக்குத் திரும்பும் பையன்கள் சிலரைச் சமீபமாகப் பார்க்கிறேன். நல்லதுதான். ஆனால் நான் ஒரு காலத்தில் அடித்த கூத்தையே அவர்களும் அடிக்கும்போது சும்மா இருக்க முடியவில்லை. காய்ந்த முகத்தில் பிளேடு வைக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுவோம். மற்ற தவறுகள் ஒவ்வொன்றாக.

நுரை வராததற்குச் சோப்பை மாற்றுவது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தம்பி. "அண்ணே, இதுவும் வேஸ்ட்ணே. முகத்துல வைக்கிறதுக்குள்ள நுரை அடங்கிடுது" என்றான். முதலில் கடைத்தெரு சோப்பு, அடுத்து கிரீம், அப்புறம் ஆன்லைனில் வெளிநாட்டுச் சோப்பு, கூடவே பேட்ஜர் என்ற விலங்கின் முடியில் செய்த பிரஷ். குளியலறைக் குழாயைப் பார்த்தேன். வாயைச் சுற்றி வெள்ளைப் படிவு. போர் தண்ணீர். அரை டம்ளர் கேன் தண்ணீர் கேட்டு வாங்கி, அவன் ஒதுக்கிவைத்திருந்த முதல் சோப்பிலேயே பிரஷைச் சுழற்றினேன். நுரை தயிர் மாதிரி கெட்டியாக நின்றது.

நம் கடலோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்புத் தண்ணீர்தான். அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடும். வாளியின் உட்புறம் ஒட்டியிருக்குமே, அதேதான். நுரையாக வேண்டிய சோப்பு அதற்குச் செலவாகிவிடுகிறது. காய்ச்சினால் சரியாகும் என்பார்கள். தண்ணீரின் இந்தக் குணத்துக்குக் கடினத்தன்மை என்று பெயர். அதில் பைகார்பனேட்டால் வருவதுதான் காய்ச்சினால் குறையும். சல்பேட், குளோரைடால் வருவது அப்படியே இருக்கும்.

"நல்ல சோப்பா வாங்கு" என்று சொல்லி அனுப்புகிறவர்களை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. "உங்க வீட்டுத் தண்ணி எப்படி?" என்று ஒருத்தரும் கேட்பதில்லை. நுரை மெலிந்தால் பிளேடு வழுக்காது. வழுக்காவிட்டால் கை தானாக அழுத்தும். அழுத்தினால் கழுத்து சிவந்து தடிக்கும். அதற்கு ஒரு ஆஃப்டர் ஷேவ் வாங்குவான். எல்லாம் அரை டம்ளர் தண்ணீரோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். பிரஷை ஊறவைப்பதும் கேன் தண்ணீரிலேயே இருக்கட்டும். கடைசியில் முகம் கழுவப் போர் தண்ணீர் போதும்.

அழுத்துவது

ரேஸரின் எடையே போதும். தோலுக்கும் பிளேடுக்கும் நடுவே சாய்வு சுமார் 30 டிகிரி.

எடுத்ததும் எதிர்த்து வழிப்பது

முதல் சுற்று முடி சாய்ந்திருக்கும் பக்கமாக மட்டும். கன்னத்தில் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும் முடி, கழுத்தில் பலருக்குப் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். இரண்டு நாள் தாடியை விரலால் தடவிப் பாருங்கள். எந்தப் பக்கம் தடவினால் சொரசொரக்கிறதோ அது எதிர்த்திசை.

பிளேடைத் துண்டால் துடைப்பது

வேண்டாம். அலசி உதறுங்கள்.

படிகாரத்தை வெட்டுக்காயத்துக்கு மட்டும் வைப்பது

அலசிய முகம் முழுக்க ஒருமுறை தடவுங்கள். எங்கே எரிகிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள். எந்த யூடியூப்காரரும் இவ்வளவு நேர்மையாகச் சொல்லித்தர மாட்டார்.

ரேஸரை ஈரத்தோடு குளியலறையில் விடுவது

விலை குறைந்த ரேஸர்கள் பல, துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே குரோம் பூசியவை. பூச்சு பெயர்ந்த இடத்தில் கடற்காற்றும் ஈரமும் சேர்ந்து அரித்துவிடும். கழற்றிக் காயவைத்து, அறைக்குள் வையுங்கள்.

பழைய பிளேடைக் குப்பைக் கவரில் போடுவது

குப்பை பிரிப்பவரின் கை கிழியும். ஒரு காலி டப்பாவின் மூடியில் கீற்று வெட்டி, உண்டியல் போல அதில் போட்டு வாருங்கள். நிரம்பியதும் டேப் சுற்றி, மேலே "பிளேடு" என்று எழுதி, தனியாகக் கையில் கொடுங்கள்.