கழுத்துல கட்டியா? ஊசி டெஸ்டுக்குப் போறவங்க இத படிச்சிட்டுப் போங்க

எங்க சித்தப்பா குடியாத்தம், நாப்பது வருஷமா பீடி குடிக்கிறவர். தாடைக்குக் கீழ நெல்லிக்கா அளவுக்கு ஒரு கட்டி வந்துச்சு, வலியும் இல்ல காய்ச்சலும் இல்ல. பக்கத்துல ஒரு லேப்ல கட்டில ஊசி குத்தி உள்ள இருக்கிறத உறிஞ்சி எடுத்துப் பார்த்தாங்க (எஃப்என்ஏசின்னு சொல்ற டெஸ்ட்), "நீர்தான் வந்துச்சு, கேன்சர் செல் தெரியல"ன்னு ரிப்போர்ட். நாங்க வேலூர் கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரருக்கு அர்ச்சனை பண்ணிட்டு நிம்மதியா இருந்துட்டோம். ரெண்டு மாசத்துல கட்டி எலுமிச்சம்பழம் அளவு ஆயிடுச்சு, அப்புறம் வேலூர்ல ஸ்கேன் பார்த்துக்கிட்டே மறுபடி ஊசி போட்டப்பதான் தெரிஞ்சுது, அடி நாக்குல இருந்து பரவின கேன்சர்னு. அந்த ரெண்டு மாசம் இன்னும் மனசுல உறுத்துது.

அதனால முதல் விஷயம், கேன்சர் செல் தெரியலன்னா கேன்சர் இல்லன்னு அர்த்தம் கிடையாது. ஊசி முனை போன இடத்துல கிடைக்கலன்னுதான் அர்த்தம். நாப்பது வயசுக்கு மேல கழுத்துக் கட்டில வெறும் நீர் வந்துச்சுன்னா அத சந்தேகமாத்தான் பார்க்கணும், மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்க.

ரெண்டு மூணு வாரத்துல கரையாத கட்டின்னா நேரா ஈஎன்டி டாக்டர்கிட்ட போங்க. வாய், நாக்கு, தொண்டை எல்லாம் குழாய் விட்டுப் பார்த்துட்டு அப்புறம் ஊசி. எடுத்த எடுப்புல கத்தி வெச்சு கட்டிய வெட்டி எடுக்க ஒத்துக்காதீங்க, உள்ள கேன்சர் இருந்தா பின்னாடி பண்ற ஆபரேஷன் சிக்கலாயிடும். கட்டி நாடி மாதிரி துடிக்குதுன்னா ஸ்கேன் பார்க்காம ஊசியே வேணாம்.

ஊசின்னதும் பயப்படாதீங்க, 23 கேஜ், ரத்தம் எடுக்கிற ஊசி அளவுதான். தோளுக்குக் கீழ தலகாணி வெச்சு கழுத்த பின்னாடி சாய்ப்பாங்க, சித்தப்பாகிட்ட "ஐயா, எச்சில் முழுங்காதீங்க, பேசாதீங்க"ன்னு சொல்லிட்டு உள்ள சில செகண்ட் முன்னும் பின்னும் ஆட்டி எடுத்தாங்க, வந்த சொட்ட கண்ணாடி ஸ்லைடுல வெச்சு இன்னொரு ஸ்லைடால இழுத்தாங்க. சிலத ஸ்பிரிட் ஜாடில போட்டாங்க, சிலத காத்துல காய வெச்சாங்க. ரெண்டு மூணு தடவ குத்துனா கோச்சுக்காதீங்க, ஒரே குத்துல முடிச்சு அனுப்புறத விட அதான் நல்லது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவங்க முன்னாடியே சொல்லிடுங்க. குத்துனா கேன்சர் பரவிடும்னு ஊர்ல சொல்றத நம்பி தள்ளிப் போடாதீங்க, இவ்ளோ மெல்லிசு ஊசில அது ரொம்ப ரொம்ப அபூர்வம்.

எவ்ளோ நம்பலாம்? தலை கழுத்துக் கட்டிங்க பத்தின பல ஆய்வுகள சேர்த்துப் பார்த்து 2008ல வந்த கணக்குல 100க்கு 93 சரியா வந்துச்சு. கேன்சர்னு சொல்லிட்டா பெரும்பாலும் கேன்சர்தான், இல்லன்னு சொல்றதுலதான் கொஞ்சம் நழுவும். சரியா குத்துற கை, ஸ்கேன் துணை, ஸ்லைடு பார்க்கிற டாக்டரோட அனுபவம் இதெல்லாம் பொறுத்து மாறும்.

ரிப்போர்ட்ல முதல்ல பார்க்க வேண்டியது, செல் போதுமான அளவு இருக்கா இல்லையான்னு. தைராய்டு கட்டின்னா, ஊசி ரிசல்ட்ட வகை பிரிக்கிற பெதஸ்டா நம்பர் 1ல இருந்து 6 வரைக்கும் ஏதாவது ஒண்ணு போட்டிருக்கும். 1ன்னா சாம்பிள் பத்தல, மறுபடி எடுக்கணும், அத நல்ல ரிசல்ட்னு நெனச்சு பீரோல வெச்சிடாதீங்க. 2 சாதா கட்டி, 6 கேன்சர். 4 வந்தா ஊசியால முடிவு சொல்ல முடியாது, கட்டியச் சுத்தி இருக்கிற உறையத் தாண்டி வளர்ந்திருக்கான்னு பார்க்கணும், அதுக்கு ஆபரேஷன் பண்ணி எடுத்துதான் பார்க்கணும். லிம்போமா, அதாவது நிணநீர் முடிச்சுல வர்ற ஒரு வகை கேன்சர், சந்தேகம்னா அந்த முடிச்ச முழுசா எடுத்துப் பார்ப்பாங்க, செல்லு மட்டும் போதாது.

கழுத்து முடிச்சுன்னா நம்ம பக்கம் டிபியும் நெறைய. ஊசில வர்ற சீழ கொட்டிடாம, டிபி கிருமி இருக்கான்னு பார்க்கிற ஜீன்எக்ஸ்பர்ட் டெஸ்டுக்கும் அனுப்பச் சொல்லுங்க, டிபின்னா அரசு ஆஸ்பத்திரில மாத்திரை இலவசம்.

அப்புறம் ஸ்லைடு. ரிப்போர்ட் பேப்பரோட அந்த கண்ணாடித் துண்டுகளையும் கேட்டு வாங்கி வெச்சிக்கோங்க, பெரிய ஆஸ்பத்திரில அதயும் பார்க்கணும்னு கேப்பாங்க. சித்தப்பாவோட பழைய ஸ்லைட நான் பஞ்சுல சுத்தி டிபன் பாக்ஸ்ல வெச்சு பஸ்ல எடுத்துட்டுப் போனேன், அத மறுபடி பார்த்தவங்க அதுல பார்க்கிறதுக்கு செல்லே இல்லன்னு சொன்னாங்க. இத முதல் நாளே யாராவது ரிப்போர்ட்ல எழுதியிருந்தா ரெண்டு மாசம் மிஞ்சியிருக்கும்.